பயிற்சி விமானம் ஏன் மூக்கை உடைத்துக்கொள்கிறது?

செய்திகளில் அவ்வப்போது வரும் படம்தான். சின்ன விமானம் ஒன்று ஓடுபாதையில் மூக்கு குத்தி, வால் தூக்கி நிற்கும். ப்ரொப்பல்லர் வளைந்திருக்கும். பக்கத்தில் ஒரு தீயணைப்பு வண்டி, கொஞ்சம் தள்ளி இடுப்பில் கைவைத்தபடி யாரோ ஒருவர். படத்துக்குக் கீழே, ‘தரையிறங்கும்போது கட்டுப்பாட்டை இழந்தது, பயிற்சி விமானி காயமின்றித் தப்பினார்’ என்று ஒரு வரி. படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? என்ஜின் கோளாறு, இல்லையென்றால் பிரேக் பிடிக்கவில்லை. ஆனால் இந்த மாதிரி விபத்துகளில் பல சமயம் விமானத்தில் ஒரு கோளாறும் இருக்காது, காற்றுகூட சாதுவாகத்தான் வீசியிருக்கும், மாணவரும் அசட்டையாக இருந்திருக்க மாட்டார். சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே உஷாராக இருந்து, சின்னதாக நடந்த ஒன்றை அவசரமாகத் திருத்தப் போய்த்தான் மூக்குடைபடுகிறார். அந்தத் திருத்தம் என்ன, அது ஏன் நேரெதிராக வேலை செய்கிறது என்பதுதான் விஷயம்.

முதலில் தரையிறங்குவது என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது மேலிருந்து கீழே வந்து சக்கரத்தைத் தரையில் வைப்பது. உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு அப்படி இல்லை. தரைக்குச் சில அடி மேலே வந்தபிறகு அவருடைய வேலையே விமானத்தை இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. என்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுக்க மூடியாயிற்று, வேகம் குறைந்துகொண்டே வருகிறது, வேகம் குறையக் குறைய இறக்கை தரும் தூக்குவிசையும் குறையும், அதை ஈடுகட்ட யோக்கை, அதாவது விமானியின் கையில் இருக்கும் ஸ்டியரிங் போன்ற பிடியை, கொஞ்சம் கொஞ்சமாக மார்பை நோக்கி இழுத்து மூக்கை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். கடைசியில் பறக்கவும் வேகமில்லை என்று ஆகும்போது விமானம் தானாகவே, அலுத்துப்போன ஆள் உட்காருவதுபோல, பின்னால் இருக்கும் இரண்டு பெரிய சக்கரங்களின் மேல் உட்காரும். மூக்குச் சக்கரம் அப்புறம்தான், மெதுவாக. இந்த மூக்குயர்த்தும் வேலைக்கு ஃபிளேர் என்று பெயர். பத்திருபது அடி உயரத்தில் தொடங்கிச் சில விநாடிகளில் முடிந்துவிடும். பயிற்சியில் இதற்குத்தான் ரொம்ப நாள் பிடிக்கும். மேலே பறப்பது, திரும்புவது, ஏறுவது எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நான் பழகிய காலத்தில் இன்ஸ்ட்ரக்டர் இந்த இடத்தில் வேறு எதுவும் சொல்ல மாட்டார். “இன்னும்... இன்னும்... இன்னும்...” அவ்வளவுதான். இன்னும் இழு, இன்னும் விடாதே என்று அர்த்தம். எனக்கோ கைகள் இரண்டும் யோக்கை முன்னால் தள்ளத் துடிக்கும். தரை அங்கே இருக்கிறது, இறங்கித்தானே ஆகவேண்டும், ஏன் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு போகிறோம் என்று உடம்பு கேட்கும். அந்தத் துடிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கட்டுரை முழுக்க அது வரும்.

இனி வேகம். செஸ்னா 172 உலகத்தில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம், நிறையப் பேர் பழகியது அதில்தான், அதனால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஃபிளாப்பை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் தகட்டை, இறக்கிய நிலையில் அது ஓடுபாதையை நெருங்கும்போது வேகம் சுமார் 65 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆக 120 கிலோமீட்டர் என்று கொள்ளுங்கள். இந்த எண் எங்கிருந்து வருகிறது? இறக்கை காற்றைப் பிடித்துப் பறக்க முடியாமல் கைவிடும் வேகம் ஒன்று உண்டு, அதற்கு ஸ்டால் வேகம் என்று பெயர். அதைப்போல ஏறக்குறைய 1.3 மடங்கு வைத்து வருவதுதான் பொதுவான கணக்கு. கைவிடும் வேகத்துக்கு ரொம்பப் பக்கத்திலும் இருக்கக்கூடாது, ரொம்பத் தூரத்திலும் இருக்கக்கூடாது.

மாணவர்களுக்கு முதல் பாதி மட்டும் நன்றாக மண்டையில் ஏறியிருக்கும். ஸ்டால் ஆகிவிடுமோ என்ற பயத்தில் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒரு 10 நாட் சேர்த்துக்கொண்டு வருவார்கள். 65-க்குப் பதில் 75. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அதனால் அந்த 10 நாட்டுக்கு விமானம் சுமக்கும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அதைத் தரையிறங்கும் முன் எங்கேயாவது செலவழித்தாக வேண்டும்.

செலவாவதுதான் லேசில் நடக்காது. தரைக்கு மிக அருகில், அதாவது இறக்கையின் நீளத்தைவிடக் குறைவான உயரத்தில் (172-க்கு அது 11 மீட்டர்) பறக்கும்போது காற்று இறக்கை நுனியைச் சுற்றிச் சுழன்று உண்டாக்கும் இழுவை குறைந்துவிடும். தரை நடுவில் வந்து அந்தச் சுழலைத் தடுக்கிறது. கிரவுண்ட் எஃபெக்ட் என்பார்கள். பயணிக்குத் தெரியாது, ஓட்டுகிறவருக்கு மட்டும் விமானம் ஒரு மெத்தை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதுபோல இருக்கும். த்ராட்டில் மூடியிருக்கிறது, என்ஜின் முணுமுணுக்கிறது, ஆனால் விமானம் இறங்க மாட்டேன் என்கிறது. பக்கத்தில் ஓடுபாதை விளக்குகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கின்றன. எதிரே ஓடுபாதையின் கடைசி கிட்டே வருகிறது.

இங்கேதான் அந்தத் துடிப்பு ஜெயிக்கிறது. மாணவர் யோக்கை முன்னால் தள்ளுகிறார். ஒரு அங்குலம்கூட இருக்காது. வேண்டுமென்று செய்ததும் இல்லை, கேட்டால் தள்ளவேயில்லை என்று சத்தியம் செய்வார்.

மூக்குச் சக்கரம் முதலில் தரையைத் தொடுகிறது. அதன் கால் உள்ளே அமுங்கி, அடுத்த கணமே திருப்பித் தள்ளுகிறது. மூக்கு மேலே எகிறுகிறது. மூக்கு எகிறினால் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடும், கோணம் கூடினால் தூக்குவிசை கூடும், வேகமோ இன்னும் பறக்கிற அளவுக்கு இருக்கிறது. ஆகவே விமானம் மறுபடி பறக்கிறது. பந்து எகிறுவது மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள், பாதிதான் சரி. பந்து ரப்பரின் வேலையால் எகிறுகிறது, இது இறக்கையின் வேலையால் எகிறுகிறது.

ஐந்தடியோ பத்தடியோ மேலே போயாயிற்று. கண்ணாடியில் வானம் மட்டும் தெரிகிறது. மாணவர் என்ன செய்வார்? மூக்கு மேலே போகிறது, கீழே தள்ளு. தள்ளுகிறார். ஆனால் கண் பார்த்து, மூளை யோசித்து, கை தள்ளி, வால் அதற்குப் பதில் சொல்ல ஒரு விநாடிக்குப் பக்கம் ஆகிவிடும். அதற்குள் விமானம் தானாகவே மூக்கைக் கவிழ்த்துக் கீழே வரத் தொடங்கியிருக்கும். இவருடைய தள்ளும் அதோடு சேர்ந்துகொள்ளும். மூக்குச் சக்கரம் இந்த முறை பலமாக மோதும். இன்னும் உயரமாக எகிறும். இப்போது பயந்து இழுக்கிறார், அதுவும் தாமதமாகச் சேர்ந்து இன்னும் மேலே தூக்கும். ஊஞ்சல் ஆடும்போது திரும்பும் நேரம் பார்த்து யாராவது தள்ளிக்கொண்டே இருந்தால் ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகுமே, அதுதான். வித்தியாசம், இங்கே தள்ளுகிற ஆள் ஆட்டத்தை நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு தள்ளுகிறார். கடலில் போர்பாய்ஸ் என்ற உயிரி தண்ணீரிலிருந்து எழும்பி எழும்பி விழுந்து நீந்துவதைப் பார்த்து இதற்குப் போர்பாய்சிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எத்தனை துள்ளல் தாங்கும்? விமானிகள் மத்தியில் ‘மூன்றாவதில் கதை முடிந்துவிடும்’ என்று ஒரு பேச்சு உண்டு. எழுதி வைத்த விதி எதுவும் இல்லை, ஆனால் ஒவ்வொரு மோதலும் முந்தையதைவிடப் பெரிது என்னும்போது ரொம்ப நேரம் போகாது என்பது புரியும்.

மூக்குச் சக்கரம் ஏன் உடைகிறது என்றால், அது அடி வாங்குவதற்காகச் செய்ததே இல்லை. எடையைத் தாங்குவது பின்னால் இருக்கும் இரண்டு கால்கள்தான். செஸ்னாவில் அவை வளைந்து கொடுக்கும் எஃகுக் கால்கள், எவ்வளவோ மாணவர்களின் முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொண்டு நிற்பவை. மூக்குச் சக்கரமோ தரையில் ஓடும்போது திருப்புவதற்கும் ப்ரொப்பல்லர் தரையில் படாமல் மூக்கைத் தாங்குவதற்கும் வைத்தது. 172-இல் அந்தக் கால் என்ஜினுக்கும் விமானிக்கும் நடுவே இருக்கும் தகட்டுச் சுவரில், ஃபயர்வால் என்பார்கள், பிணைத்திருக்கும். பலமாக அடிபட்டால் கால் உடையாவிட்டாலும் அந்தச் சுவர் கசங்கும். ஒரு மாதிரியாகத் தரையிறங்கிய விமானத்தை மெக்கானிக் பார்க்க வந்தால் சக்கரத்தைப் பார்ப்பதோடு நிற்க மாட்டார், டார்ச் அடித்து அந்தத் தகட்டில் சுருக்கம் தெரிகிறதா என்று தேடுவார்.

கால் மடங்கிவிட்டால் அடுத்து ப்ரொப்பல்லர் தரையை வெட்டும். சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்று திடீரென்று தடுக்கப்படும்போது அந்த அதிர்ச்சி நேராக உள்ளே என்ஜினின் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்டுக்குப் போகும். வெளியே தெரியாத விரிசல் விழுந்திருக்கலாம், அதனால் ப்ரொப்பல்லரை மாற்றிவிட்டுப் பறக்க முடியாது, என்ஜினையே பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு அங்குலத் தள்ளுக்கு இவ்வளவு செலவு. இதில் ஒரு வேடிக்கை: சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-வது இணைப்புதான் எது விபத்து என்பதற்கு வரையறை சொல்கிறது. யாருக்கும் பலமான காயமில்லை, சேதம் ப்ரொப்பல்லரோடும் ஒரு என்ஜினோடும் நின்றுவிட்டது என்றால் அந்த வரையறைப்படி அது விபத்தே ஆகாது. ஃபயர்வால் கசங்கி, விமானத்தின் உடற்கட்டமைப்பே பலம் இழந்து, பெரிய பழுதுபார்ப்பு தேவைப்பட்டால்தான் விபத்து.

சரி, துள்ளியாயிற்று, என்ன செய்திருக்க வேண்டும்? துள்ளல் சின்னதாக இருந்தால் யோக்கைத் தள்ளவும் வேண்டாம் இழுக்கவும் வேண்டாம், தரையிறங்கும்போது மூக்கு எந்த உயரத்தில் இருக்க வேண்டுமோ அதே நிலையில் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பவர் கொடுத்து, இன்னொரு முறை ஃபிளேர் செய்து இறங்கலாம். துள்ளல் பெரிதாக இருந்தால், அல்லது பெரிதா சின்னதா என்ற சந்தேகம் இருந்தாலே, முழு த்ராட்டில். மேலே போய் ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி முயற்சி செய்வது. கோ-அரவுண்ட்.

எல்லா மாணவருக்கும் இது தெரியும். தேர்வில் கேட்டால் எழுதுவார்கள். ஆனால் பத்தடி உயரத்தில் செய்ய மாட்டார்கள். இறங்குவது என்று மனசு முடிவு செய்துவிட்டால் அதிலிருந்து திரும்ப மறுக்கும், இன்னும் ஒரே ஒரு விநாடியில் சரியாகிவிடும் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். கீழே நின்று பார்க்கிற சக மாணவர்கள் வேறு. என்னைக் கேட்டால், ‘நல்ல லேண்டிங்’ என்று பாராட்டுவதைவிட ‘நல்ல கோ-அரவுண்ட்’ என்று பாராட்டும் வழக்கம் வரவேண்டும்; நான் பார்த்தவரை இரண்டாவதைச் சொல்கிற ஆள் குறைவு.

கோ-அரவுண்டிலும் ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது. இறங்குவதற்காக ட்ரிம், அதாவது யோக்கை இழுத்துப் பிடிக்கும் சிரமத்தைக் குறைக்கும் அமைப்பு, மூக்கை உயர்த்தும்படி வைத்திருக்கும், ஃபிளாப் முழுக்க இறங்கியிருக்கும். இந்த நிலையில் திடீரென்று முழு பவர் வந்தால் மூக்கு தானாக மேலே ஏறும், விமானம் இடப்பக்கமாக இழுக்கும். அதாவது இப்போது நிஜமாகவே யோக்கை முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டும், வலது ரட்டரையும், அதாவது மூக்கை வலப்பக்கம் திருப்பும் கால்மிதியையும், மிதிக்க வேண்டும். இவ்வளவு நேரம் தள்ளாதே தள்ளாதே என்றவர்கள் இப்போது தள்ளு என்கிறார்களே என்று மாணவர் குழம்பினால் தப்பில்லை. ஃபிளாப்பையும் பட்டென்று முழுக்க ஏற்றிவிடக்கூடாது, தூக்குவிசை சட்டென்று குறைந்து விமானம் கீழே அமுங்கும், படிப்படியாகத்தான்.

இதுவரை சொன்னது தகரம் வளைகிற விபத்து. உயிர் போகிற விபத்து கொஞ்சம் முன்னால், ஓடுபாதையை நோக்கித் திரும்பும் கடைசித் திருப்பத்தில் காத்திருக்கிறது. காற்று தள்ளியதாலோ கவனப்பிசகாலோ திருப்பம் தாமதமாகி, விமானம் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிப் போய்விடும். அதிகமாகச் சாய்த்துத் திரும்பலாம், ஆனால் தரைக்கு இவ்வளவு கிட்டே சாய்க்க மாணவருக்குப் பயம். அதனால் சாய்க்காமல் ரட்டரை மிதித்து மூக்கை மட்டும் ஓடுபாதைப் பக்கம் நகர்த்தப் பார்க்கிறார். மூக்கு கீழே இறங்குகிறது, அதை யோக்கை இழுத்துத் தூக்குகிறார். திருப்பத்தில் இழுக்கிறபோது ஸ்டால் வேகம் கூடும்: உயரம் குறையாமல் 30 டிகிரி சாய்த்துத் திரும்பினால் 7 சதவீதம்தான், 45-இல் 19, 60-இல் 41 சதவீதம். 48 நாட்டில் ஸ்டால் ஆகவேண்டிய விமானம் 60 டிகிரியில் 68 நாட்டிலேயே கைவிட்டுவிடும். ரட்டரால் மூக்கை இழுத்துக்கொண்டிருக்கும் நிலையில் அது நடந்தால் உள்பக்க இறக்கை முதலில் கைவிடும், விமானம் அந்தப் பக்கமாகப் புரண்டு சுழலத் தொடங்கும். மூவாயிரம் அடியில் இதிலிருந்து மீளலாம், பழக்குகிறார்கள். சில நூறு அடியில் மீள உயரம் கிடையாது. இங்கேயும் மருந்து அதேதான், தாண்டிப் போய்விட்டோமா, விட்டுவிட்டு மேலே ஏறு. கோ-அரவுண்ட் சக்கரம் தொடும்போதுதான் செய்ய வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

குறுக்குக் காற்றைப் பற்றிக் கொஞ்சம். ஓடுபாதைக்கு 09 என்று பெயர் இருந்தால் அது 90 டிகிரித் திசையை, அதாவது கிழக்கைப் பார்த்தது. காற்று 120 டிகிரியிலிருந்து 20 நாட் வேகத்தில் வந்தால் கோண வித்தியாசம் 30, அதில் பாதி, 10 நாட், பக்கவாட்டில் தள்ளும். 172-இன் கையேட்டில் 15 நாட் குறுக்குக் காற்றில் இறக்கிக் காட்டியிருக்கிறார்கள் என்று இருக்கும். அது எல்லைக்கோடு இல்லை, காட்டியவர் சோதனை விமானி என்பதை மட்டும் மறக்கக்கூடாது. மாணவர்கள் சறுக்குவது இறங்கும்போது மட்டுமில்லை, இறங்கிய பிறகும்தான். சக்கரம் தொட்டதும் ‘அப்பாடா’ என்று கையைத் தளரவிடுவார்கள். காற்று வால் பக்கத்தைத் தள்ளும், விமானம் காற்றாடிபோல மூக்கைக் காற்றுவரும் பக்கம் திருப்பிக்கொண்டு புல்லுக்குள் போகும். ஓடி நிற்கிறவரை பறந்துகொண்டிருப்பதாகவே நினைத்து, காற்றுவரும் பக்கம் யோக்கைத் திருப்பிப் பிடிக்க வேண்டும்.

இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்கும்போதும் இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று கேட்பார்கள். அவர் முன்னாலும் ஒரு யோக் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு சின்னத் தப்புக்கும் அவர் கையை நீட்டினால் மாணவர் எந்தக் காலத்திலும் தனியாக இறங்கப் பழக மாட்டார். தப்பைத் தப்பாகவே கொஞ்சம் வளரவிட்டு, கைமீறும் முன் பிடிக்க வேண்டும், அந்த இடைவெளி ஃபிளேரில் ஒரு விநாடிதான். அதில் அரை விநாடி தாமதித்த அனுபவம் இல்லாத இன்ஸ்ட்ரக்டர் இருந்தால் எனக்கு ஆச்சரியம். அப்புறம் ஒருநாள் அவர் இறங்கிக்கொண்டு மாணவரை முதல்முறையாகத் தனியாக அனுப்புவார். ஓர் ஆள் எடை குறைந்ததும் விமானம் விருட்டென்று ஏறும், இறங்கும்போது அதே 65 நாட்டில் வந்தாலும் வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக மிதக்கும். இன்னும் என்று சொல்லவும் ஆளில்லை.

விபத்துக்குப் பிறகு விசாரிக்க வருகிறவர்கள் முதலில் ஓடுபாதையை நடந்து பார்ப்பார்கள். முதல் துள்ளலின் தடம் பல சமயம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும், லேசாக ஒரு ரப்பர் தீற்றல். அடுத்தது கறுப்பாக, தெளிவாக. அதற்கும் அப்பால் ப்ரொப்பல்லர் தாரில் போட்ட வெட்டுகள், சீரான இடைவெளியில், வரிசையாக. அந்த இடைவெளியை டேப் வைத்து அளந்தே வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம்: இரண்டு அலகுகள் உள்ள ப்ரொப்பல்லர் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றினால் விநாடிக்கு 40 வெட்டு, இடைவெளி 64 சென்டிமீட்டர் என்றால் வேகம் 50 நாட். பிறகு அங்கிருந்து திரும்பி அந்த முதல் தீற்றல்வரை நடந்து, தூரத்தை எழுதிக்கொண்டு, அந்த இடத்தில் எவ்வளவு ஓடுபாதை மிச்சம் இருந்தது என்று நிமிர்ந்து பார்ப்பார்கள்.